நான்கு விளிம்புகளுக்குள்

ஒளிப்படத்திற்கு நான்கு விளிம்புகள் உண்டு. கண்ணுக்கு அப்படி எதுவும் இல்லை. தில்லியின் சாந்தினி சௌக்கில் நிற்கும் ஒருவர் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். கடைக்காரரின் குரலைக் கேட்கிறார். கொதிக்கும் எண்ணெயின் மணத்தை நுகர்கிறார். வேண்டாதவற்றை அவருடைய மனமே ஒதுக்கிவிடுகிறது. ஒளிப்படக் கருவி அவ்வாறு ஒதுக்குவதில்லை. தொங்கும் மின்கம்பி, நிரம்பிய குப்பைத்தொட்டி, பாதி வெட்டுப்பட்ட மிதிவண்டிச் சக்கரம் என எதிரே இருப்பவை அனைத்தையும் ஒரே அக்கறையுடன் பதிந்துகொள்கிறது. நேரில் அழகாக இருந்த இடம் படத்தில் ஏன் இப்படி ஆயிற்று என்று பலரும் வருந்துவதற்கு இதுவே காரணம்.

ஒதுக்குவதை ஒதுக்கி, நிறுத்துவதை நிறுத்தும் இந்த வேலைக்குக் காட்சியமைப்பு என்று பெயர். கோடு, வடிவம், ஒளி, நிழல், வண்ணம், வெற்றிடம் ஆகியவை அதற்குரிய கூறுகள். இவற்றை விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. எந்தத் தெருவிலும் இருக்கின்றன. விலையுயர்ந்த கருவி வாங்கினால் நல்ல படம் தானே வந்துவிடும் என்னும் நம்பிக்கை கடைக்காரர்களுக்கு உதவுவது. நல்ல படத்தைப் பெரும்பாலும் எடுப்பவரின் கால்களே தீர்மானிக்கின்றன. இரண்டடி முன்னே சென்றாலோ, ஓரடி இடப்புறம் விலகினாலோ, முழந்தாளிட்டு அமர்ந்தாலோ படம் வேறாகிவிடும்.

தில்லி இராமகிருஷ்ணபுரத்தில், மத்திய அரசு ஊழியர் குடியிருப்பு ஒன்றில் வளரும் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி இக்கலையில் ஈடுபடக் காரணமாக இருந்தவர் அவளுடைய ஆச்சி. திருநெல்வேலியில் வாழும் ஆச்சிக்கு முழங்கால் வலி. இரண்டு நாள் இரயில் பயணத்தை அவரால் தாங்க இயலாது. மகளும் மருமகனும் பேத்தியும் வாழும் ஊரை அவர் கண்டதெல்லாம் திறன்பேசியின் சிறு திரையில்தான். அத்திரையில் எது வருகிறதோ அதுவே ஆச்சிக்குத் தில்லி.

பல ஆண்டுகளாக அத்திரைக்குச் சென்ற படங்கள் ஒரே வகையானவை. ஒரு புகழ்பெற்ற கட்டடம். அதன் காலடியில் வரிசையாக நிற்கும் குடும்பம். இந்தியா கேட்டின் முன்னே எடுத்த ஒரு படத்தைப் பார்த்துவிட்டு ஆச்சி தொலைபேசியில் கேட்டார்: "வளைவு நல்லாத் தெரியுதுட்டி. நீ எங்க நிக்கே?"

கேள்வியில் பிழையில்லை. இந்தியா கேட்டின் உயரம் 42 மீட்டர். ஒன்றரை மீட்டர் உயரமுள்ள சிறுமி அதன் அடியில் போய் நின்றால், வளைவின் உயரத்தில் அவள் இருபத்தெட்டில் ஒரு பங்கு. வளைவு முழுவதும் படத்தில் அடங்கும்போது அவள் ஒரு புள்ளியாகிவிடுகிறாள். கட்டடத்தோடு சேர்ந்து தெரிய வேண்டும் என்பதற்காகவே மக்கள் அதன் அருகில் போய் நிற்கின்றனர். ஆனால், அவர்கள் காணாமற்போவதும் அதனாலேதான்.

இதற்குத் தீர்வு எளிது; ஆனால், முதலில் கேட்பவர்களுக்கு நம்பிக்கை வராது. கட்டடத்தை நோக்கி நடக்க வேண்டியவர் யாருமில்லை. படம் எடுப்பவர் வளைவிலிருந்து 100 மீட்டர் தொலைவில் நிற்கட்டும். படத்தில் இருக்க வேண்டியவர் அவருக்கு மூன்று மீட்டர் முன்னே நிற்கட்டும். அப்போது அந்தச் சிறுமி படத்தில் வளைவைவிடச் சற்று உயரமாகவே தெரிவாள். ஒன்றரை மீட்டரை மூன்றால் வகுத்தால் அரை. நாற்பத்திரண்டை நூறால் வகுத்தால் அரைக்கும் சற்றுக் குறைவு. கணக்குப் புத்தகத்தில் வடிவொத்த முக்கோணங்களைப் படித்தவர்களுக்கு இது புதிதன்று. படத்தில் ஓர் உருவத்தின் அளவைத் தீர்மானிப்பது அதன் உண்மையான அளவு மட்டுமன்று, கருவியிலிருந்து அது இருக்கும் தொலைவும்தான். இந்த ஓர் உண்மையை அறிந்துகொண்டால் குடும்பப் படங்களில் பாதி திருந்திவிடும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எடுத்த படத்தில் பேத்தியின் முகம் தெரிந்தது. அவள் தோளுக்குப் பின்னே வளைவும் தெரிந்தது. ஆனால், அவளுடைய உச்சந்தலையிலிருந்து ஒரு விளக்குக் கம்பம் முளைத்திருந்தது. நேரில் கம்பம் எங்கோ தொலைவில் இருந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை. படத்தில் தொலைவு என்பது தட்டையாகிவிடுவதால் முன்னிருப்பதும் பின்னிருப்பதும் ஒட்டிக்கொள்கின்றன. பழகிய ஒளிப்படக் கலைஞர்கள் பொத்தானை அழுத்துவதற்கு முன் முகத்தைப் பார்ப்பதில்லை. நான்கு விளிம்புகளையும் ஒருமுறை சுற்றிப் பார்க்கின்றனர். பின்பு தலைக்குப் பின்னே என்ன இருக்கிறது என்று பார்க்கின்றனர். முகம் எப்படியும் படத்தில் இருக்கும். கம்பத்தைத்தான் தேடிப் பார்க்க வேண்டும்.

பழைய கட்டடங்கள் நிறைந்த ஊரில் வளர்வது ஒளிப்படம் பழகுவோர்க்கு ஒரு நற்பேறு. உமாயூனின் கல்லறை மாளிகை அவற்றுள் முதன்மையானது. 1570-ஆம் ஆண்டை ஒட்டி எழுந்த இக்கட்டடத்தை 1993-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. இடப்பாதியும் வலப்பாதியும் கண்ணாடியில் பார்த்தாற்போல ஒத்திருக்கும் இதைச் சற்றே பக்கவாட்டில் நின்று எடுத்தால் படம் சாய்ந்தது போல் தோன்றும். மேற்கு வாயிலிலிருந்து மாளிகை வரை செல்லும் நடைபாதையின் நடுவே சிறு நீர்க்கால்வாய் ஓடுகிறது. அக்கால்வாய் படத்தின் அடிவிளிம்பில் சரியாக நடுவில் தொடங்குமாறு நின்றால் போதும். கட்டடத்தைக் கட்டியவர்களே எஞ்சியதைச் செய்து வைத்திருக்கிறார்கள். அந்தக் கோடு பார்ப்பவரின் கண்ணைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய்ப் பளிங்குக் குவிமாடத்தில் விடுகிறது.

அம்மேற்கு வாயிலுக்குள் இன்னும் ஓர் உதவி இருக்கிறது. வாயில் வளைவின் நிழலுக்குள் நின்றபடி மாளிகையைப் பார்த்தால், இருண்ட வளைவு ஒரு சட்டகமாகி அதனைச் சூழ்ந்துகொள்கிறது. படத்திற்குள் இன்னொரு படம் போன்ற இவ்வமைப்பில் ஓரங்களில் சிதறும் கூட்டமும் விளம்பரப் பலகையும் மறைந்துவிடுகின்றன. ஆனால், நேரத்தையும் பார்க்க வேண்டும். மேற்கு நோக்கிய முகப்பு காலையில் தன் நிழலிலேயே நிற்கும்; பிற்பகலில்தான் செம்மணற்கல் சிவக்கும். காலையில் போய்விட்டுக் கருவியின் மீது குறை கூறுவோர் பலர்.

திறன்பேசித் திரையில் இரண்டு நெடுக்குக் கோடுகளையும் இரண்டு கிடைக்கோடுகளையும் வரவழைக்கும் வசதி உண்டு. படத்தை ஒன்பது கட்டங்களாகப் பிரிக்கும் இக்கோடுகள் மூன்றில் ஒரு பங்கு விதி என்பதற்கு உதவுபவை. முதன்மையான பொருளை நட்டநடுவில் வைக்காமல் கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் வைத்தால் படம் உயிர்ப்புடன் இருக்கும் என்பது அவ்விதி. ஜான் தாமஸ் ஸ்மித் என்னும் ஆங்கிலேய ஓவியர் 1797-இல் நிலக்காட்சி ஓவியங்களைப் பற்றி எழுதிய நூலில் இப்பெயரைப் பயன்படுத்தினார். நல்ல விதிதான். ஆனால், உமாயூன் மாளிகைக்கு அதைப் பொருத்த முயல்வது சதுரப் பெட்டிக்கு வட்ட மூடி தேடுவது போன்றது. விதியை விடப் பயனுள்ளது வேறொன்று: நடப்பவர் படத்தில் இருந்தால் அவருக்கு முன்னே நடக்க இடம் விடுவது, பார்ப்பவர் இருந்தால் அவர் பார்க்கும் பக்கத்தில் வெற்றிடம் விடுவது. அவ்வெற்றிடம் வீணான இடமன்று. தில்லியின் சனவரி மூடுபனியில் லோதி தோட்டத்துப் புல்வெளியில் ஒருவர் தனியே நடந்துபோகும் படத்தில் முக்கால் பங்கு வெறும் சாம்பல் நிறமாகவே இருக்கும். குளிரைக் காட்டுவது அந்தச் சாம்பல் நிறம்தான்.

குளிர்காலத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஒளிப்படம் என்பது ஒளியால் ஆனது. தில்லியின் ஒளியும் நெல்லையின் ஒளியும் ஒன்றல்ல. ஜூன் மாத நண்பகலில் தில்லியில் சூரியன் அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 85 பாகை உயரத்தில், கிட்டத்தட்டத் தலைக்கு மேலே நிற்கும். அப்போது ஒரு மீட்டர் குச்சியை நட்டால் அதன் நிழல் 10 சென்டிமீட்டர் கூட இராது. டிசம்பர் இறுதியிலோ நண்பகலிலும் சூரியன் 38 பாகைக்கு மேல் ஏறுவதில்லை. அதே குச்சியின் நிழல் ஒன்றேகால் மீட்டருக்கும் மேல் நீளும். தலைக்கு மேலிருந்து விழும் ஒளி கண்குழிகளைக் கருமையாக்கி முகத்தைக் கடுகடுப்பாகக் காட்டும். பக்கவாட்டிலிருந்து வரும் ஒளியோ கன்னத்தின் வளைவையும் சுவரின் சொரசொரப்பையும் எடுத்துக்காட்டும். ஆகவே, கோடையில் விடியற்காலையையும் அந்திப்பொழுதையும் தேடி ஓடும் தில்லி ஒளிப்படக் கலைஞர்களுக்குக் குளிர்காலத்தில் பனிமூட்டம் விலகிய பகற்பொழுது முழுவதும் நல்ல நேரமே.

இந்தக் குளிர்காலத்தின் நடுவில்தான் மார்கழி வருகிறது. குடியிருப்பின் தரைத்தளத்து வீட்டு வாசலில் அம்மா நாள்தோறும் கோலமிடுவார். அலுவலகத்திற்குச் செல்லும் அவசரத்தில் பிற மாதங்களில் சிறு கோலத்தோடு நிறுத்திக்கொள்பவர், மார்கழி ஞாயிறுகளில் மட்டும் ஆச்சி சொல்லிக்கொடுத்த பெரிய புள்ளிக்கோலங்களை இடுவார். தில்லியில் சனவரித் தொடக்கத்தில் சூரியன் எழ 7 மணிக்கு மேலாகும். எழுந்த பின்னும் நெடுநேரம் தரையைத் தடவினாற்போலவே ஒளி வரும். அவ்வொளியில் கோலப்பொடியின் ஒவ்வோர் இழையும் ஒரு சிறு வரப்பாக உயர்ந்து நின்றது. வரப்பின் மறுபக்கம் மெல்லிய நிழல் விழுந்தது. சிறுமி தரையோடு தரையாகக் குனிந்து, திறன்பேசியைக் கோலத்தின் விளிம்பிலேயே வைத்து எடுத்தாள். அருகிலிருந்த புள்ளிகள் பெரிதாகவும் தொலைவிலிருந்தவை சிறிதாகவும் தோன்ற, இழைகள் எல்லாம் வளைந்து வளைந்து வாசற்படியை நோக்கி ஓடின. படியில் அம்மாவின் பாதங்கள் மட்டும் தெரிந்தன. அவள் அதுவரை எடுத்தவற்றுள் அதுவே சிறந்த படம். யார் பார்த்தாலும் அப்படியே சொல்வார்கள்.

ஆச்சி சொல்லவில்லை. "பின்வரிசையில எத்தனை புள்ளின்னு எண்ணவே முடியலையே. மேல இருந்து ஒண்ணு எடுத்து அனுப்பு" என்றார்.

சிறுமிக்கு ஏமாற்றந்தான். ஆயினும், முதல் மாடியில் குடியிருக்கும் பஞ்சாபிக் குடும்பத்தாரிடம் கேட்டு, அவர்களுடைய பால்கனியிலிருந்து நேர்கீழாக ஒரு படம் எடுத்தாள். மேலிருந்து பார்க்கும்போது கோலம் தன் உண்மையான சதுர வடிவில் இருந்தது. ஆழம் இல்லை, படிக்கட்டு இல்லை, பாதங்கள் இல்லை. ஒளிப்படப் போட்டிக்கு அனுப்பினால் முதற்சுற்றில் வெளியேறிவிடும். ஆனால், ஆச்சிக்கு வேண்டியது அதுதான். அவர் வரிசைகளை எண்ணினார். வலப்புற மூலையில் மகள் ஓர் இழையை விட்டுவிட்டதைக் கண்டுபிடித்துச் சொன்னார். பின்பு தெருமுனைக் கடையில் அப்படத்தை அச்சிடச் செய்து தம் கோல நோட்டில் ஒட்டிக்கொண்டார்.

ஒரே கோலம், ஒரே காலை, ஒரே கருவி. கருவி இருந்த உயரம் மட்டுமே மாறியது. தாழ்ந்த கோணம் அந்த வாசலில் நிற்கும் உணர்வைத் தந்தது. உயர்ந்த கோணம் கோலத்தின் வரைபடத்தைத் தந்தது. இவற்றுள் எது சிறந்தது என்று கேட்டால் விடை கிடையாது. யாருக்காக எடுக்கப்படுகிறது என்று கேட்ட பிறகே கோணத்தைத் தேர்ந்தெடுக்க முடியும். காட்சியமைப்பைக் கற்பிக்கும் நூல்கள் பலவும் இக்கேள்வியைக் கேட்பதே இல்லை.

மேலிருந்து எடுத்த படத்தின் கீழ்விளிம்பில் இன்னொன்றும் இருந்தது. பால்கனிக் கைப்பிடியின் நிழலும், அதன்மேல் எக்கி நின்ற ஒரு தலையின் நிழலும் கோலத்தை ஒட்டி விழுந்திருந்தன. சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று எடுப்பவர்களுக்கு நேரும் தொல்லை இது. சிறுமி அப்பகுதியை வெட்டிவிட்டு வேறொரு படி அனுப்புவதாகச் சொன்னாள். "அது கெடக்கட்டும்ட்டி, வெட்டிராத" என்று ஆச்சி தடுத்துவிட்டார். நோட்டில் ஒட்டிய படத்தில் அந்த நிழல் இன்றும் இருக்கிறது.

கட்டடமும் கோலமும் அசையாதவை. மனிதரைப் படம் எடுப்பது வேறு வகை வேலை. அக்குடியிருப்பின் வேப்பமரத்தடியில் மேசை போட்டு, கரி இட்ட இஸ்திரிப் பெட்டியால் துணி தேய்ப்பவர் ஒருவர் உண்டு. தில்லியில் தாம் நாள்தோறும் காண்பவரை ஆச்சிக்குக் காட்ட வேண்டும் என்று எண்ணிய சிறுமி, அவரிடம் சென்று இந்தியில் அனுமதி கேட்டாள். கேட்காமல் எடுப்பது எளிது, ஆனால், முறையன்று. ஒருவருடைய முகம் அவருக்கு உரியது. அவரோ மகிழ்ச்சியுடன் சம்மதித்து, சட்டைக் கழுத்தைச் சரிசெய்து, தலையை வாரி, கைகளைப் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு காவலர் போல நின்றுவிட்டார். அவள் அப்படியே ஒன்று எடுத்து அவருக்குக் காட்டினாள். அது அவர் விரும்பிய படம். அதை அவருடைய கைப்பேசிக்கும் அனுப்பினாள். பின்பு அருகிலிருந்த கல்லில் உட்கார்ந்துகொண்டாள். கால் மணி நேரத்தில் அவர் அவளை மறந்துவிட்டு வேலையில் ஆழ்ந்தார். தண்ணீர் தெளித்த சேலையின் மீது பெட்டி ஊர்ந்தபோது எழுந்த ஆவி, இலைகளினூடே வந்த வெயிலில் பட்டு வெண்மையாக ஒளிர்ந்தது. பின்னணியில் மரத்தடியின் நிழல் இருந்ததால்தான் ஆவி கண்ணுக்குத் தெரிந்தது. வெளிச்சமான சுவர் பின்னே இருந்திருந்தால் ஆவியே தெரிந்திராது.

அந்தக் கால் மணி நேரக் காத்திருப்பு, படச்சுருள் காலத்துக் கலைஞர்களுக்கு இயல்பாக இருந்தது. இந்தியாவின் முதல் பெண் பத்திரிகை ஒளிப்படக் கலைஞராகப் போற்றப்படும் ஹோமாய் வியாரவாலா 1913-இல் குசராத்தின் நவ்சாரியில் பிறந்தவர். 1942-இல் தில்லிக்கு வந்து, நாடு விடுதலை பெற்ற நாள்களையும் அதன்பின் வந்த ஆண்டுகளையும் படங்களாக்கினார். கனத்த கருவிகளைச் சுமந்துகொண்டு, சேலை உடுத்தி, ஆண்களே நிறைந்திருந்த பத்திரிகைக் கூட்டத்தில் தமக்குரிய இடத்தைப் பிடித்துக்கொண்டவர். அவர் பயன்படுத்திய கருவிகளுள் ஒன்று ரோலிஃபிளெக்ஸ். அதில் ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு படங்கள்தாம். அதை இடுப்பருகே வைத்துக்கொண்டு மேலிருந்து குனிந்து கண்ணாடித் திரையைப் பார்க்க வேண்டும். அத்திரையில் காட்சி இடம்வலமாக மாறித் தெரியும். கருவி இடுப்புயரத்தில் இருப்பதால் எதிரே நிற்பவர் சற்று நிமிர்ந்து, கம்பீரமாகத் தோன்றுவார். பன்னிரண்டே முறை அழுத்தலாம் என்றால் அழுத்துவதற்கு முன் யார்தான் யோசிக்க மாட்டார்? 2011-இல் பத்மவிபூஷண் விருது பெற்ற வியாரவாலா 1970-இலேயே இத்தொழிலை விட்டு விலகியிருந்தார். அவர் எடுத்த நேருவின் படங்களைப் பார்க்காத இந்தியர் குறைவு; எடுத்தவரின் பெயரை அறிந்தவரும் குறைவு.

காத்திருத்தல் என்பது எப்போதும் அசைவு நிற்பதற்காகவே என்று கொள்ள வேண்டியதில்லை. ரகுராய் 1995-இல் மும்பையின் சர்ச்கேட் இரயில் நிலையத்தில் எடுத்த படம் ஒன்றில், விரைந்து செல்லும் கூட்டம் முழுவதும் கலங்கிய நீர் போலத் தெளிவற்றிருக்கும். அக்கலக்கத்தின் நடுவே செய்தித்தாள் படித்துக்கொண்டிருப்பவர்கள் மட்டும் கல்லில் செதுக்கியவர்கள் போலத் தெளிவாக இருப்பார்கள். கருவியின் ஒளிவாயிலை வழக்கத்தைவிட நெடுநேரம் திறந்து வைத்ததன் விளைவு இது. அசைந்தவர்கள் கரைந்தனர், அசையாதவர்கள் நிலைத்தனர். கருவியும் அக்கணங்களில் அசையாமல் இருந்தாக வேண்டும்.

வண்ணத்தைப் பற்றி இரகுவீர் சிங்கின் பெயரைச் சொல்லாமல் பேச முடியாது. 1942-இல் செய்ப்பூரில் பிறந்த அவர் வளர்ந்த காலத்தில், கருப்பு வெள்ளைப் படங்களே கலை என்றும் வண்ணப் படங்கள் விளம்பரத்திற்கு உரியவை என்றும் உலகம் கருதியது. இந்தியாவை வண்ணமின்றிப் பார்க்க இயலாது என்பது அவருடைய உறுதியான கருத்து. நாடு முழுவதும் அம்பாசிடர் காரில் சுற்றி, அக்காரின் சன்னல்களையும் கதவுகளையும் கண்ணாடிகளையுமே சட்டகங்களாக்கி அவர் எடுத்த படங்கள், 1999-இல் அவர் மறைந்த பின், 2002-இல் நூலாக வெளிவந்தன. ஒரே படத்தில் முன்கண்ணாடியின் வழியே வரும் சாலையும், பக்கத்துக் கண்ணாடியில் போய்விட்ட சாலையும் தெரியும். பயணம் முழுவதையும் ஒரு கணத்தில் மடித்து வைத்தாற்போன்ற அமைப்பு அது. அம்பாசிடர் கார்கள் இன்று அரிதாகிவிட்டன. பள்ளிக்குச் செல்லும் ஆட்டோவில் ஓட்டுநரின் கண்ணாடி இருக்கிறது. அதில் பின்னே அமர்ந்திருக்கும் மாணவர்களின் முகங்கள் இருக்கின்றன.

வண்ணத்தில் ஒரு சிறு கணக்குப் போதும். சாம்பல் நிறத்தின் நடுவே ஒரு சிவப்புக் கம்பளிச் சட்டை இருந்தால் கண் நேரே அங்கே போய்விடும். பத்துச் சிவப்புச் சட்டைகள் இருந்தால் எங்கும் போகாது. திருமண வீட்டுப் படங்கள் பலவற்றில் மணமகளைத் தேட வேண்டியிருப்பது இதனாலேதான்.

கோடை விடுமுறையில் குடும்பம் நிசாமுதீனிலிருந்து திருக்குறள் விரைவு இரயிலில் திருநெல்வேலிக்குப் புறப்பட்டது. தில்லியில் கற்ற ஒளிப்பாடத்தை அங்கே சிறுமி முதலிலிருந்து கற்க வேண்டியதாயிற்று. தில்லியில் ஆண்டு முழுவதும் நண்பகல் நிழல் வடக்கு நோக்கியே விழும். நெல்லையிலோ சித்திரைத் தொடக்கத்திலேயே சூரியன் உச்சியைக் கடந்து வடபுறம் சென்றுவிடுவதால், ஆவணி வரை நண்பகல் நிழல் தெற்கு நோக்கி விழுகிறது. முற்றத்துத் துளசி மாடத்தின் நிழல் தவறான பக்கத்தில் விழுவதாக அவள் முதல் நாள் எண்ணினாள்.

வெயில் கடுமை, முற்றத்தில் நின்றால் முகத்தில் கருநிழல்கள். ஆனால், திண்ணையில் வேறோர் ஒளி இருந்தது. தெருவின் வெண்மணலிலும் எதிர்வீட்டுச் சுண்ணாம்புச் சுவரிலும் பட்டுத் திரும்பிய வெயில், கூரையின் நிழலுக்குள் மென்மையாக வந்து பரவியிருந்தது. அதில் கூரிய நிழல் எதுவும் இல்லை. சத்தியஜித் ராயின் 'அபராஜிதோ' திரைப்படத்திற்காக 1956-இல் சுப்ரத மித்ரா, அரங்கிற்குள் அமைத்த காசி வீட்டு முற்றத்தின் மேல் வெள்ளைத் துணியை விரித்துக் கட்டி, விளக்கொளியை அதில் மோதித் திருப்பி உண்டாக்கியது இத்தகைய ஒளியைத்தான். நெல்லையின் தெருக்களில் அதற்குத் துணி தேவைப்படவில்லை.

காலை பத்து மணி இருக்கும். ஆச்சி திண்ணைத் தூணில் சாய்ந்து, முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். தூண் ஒரு நெடுக்குக் கோடாக இடப்புறம் நின்றது. அவர் பார்வை தெருவை நோக்கியிருந்ததால் அந்தப் பக்கத்தில் இடம் விட்டாகிவிட்டது. பின்னே கதவின் இருட்டு. அதன் முன்னே வெண்மையான தலைமுடி துலங்கியது. கம்பமோ கொடிக்கயிறோ தலைக்குப் பின்னே இல்லை. சிறுமி படியில் இறங்கி, ஆச்சியின் கண்ணுயரத்திற்குக் குனிந்து, நான்கு விளிம்புகளையும் ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தது.

ஆச்சி நிமிர்ந்து பார்த்தார். பேத்தியின் கையில் இருந்தது என்ன என்று கண்டதும் கீரைத் தட்டைக் கீழே வைத்தார்.

"இந்தச் சேலையோடயா? கொஞ்சம் பொறுட்டி, மாத்திட்டு வாரேன்" என்று, தூணைப் பிடித்து மெல்ல எழுந்து உள்ளே போனார். சிறுமி படியிலேயே உட்கார்ந்தாள். திண்ணையில் கீரைத் தட்டும் தூணும் இருந்தன. எதிர்வீட்டுச் சுவரில் வெயில் இன்னும் கொஞ்சம் ஏறியிருந்தது.